மலை மரமும் கரிப்பலகையும்: வீட்டுப் பட்டறையில் மரத்தை எரித்து மெருகேற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ரீயூனியன் தீவில், ப்ளேன் தே பால்மிஸ்த்திலிருந்து பெபூர் காட்டுக்குள் போகும் வனத்துறைச் சாலையில் இருபுறமும் நெடுநெடுவென்று வரிசை பிடித்து நிற்கும் ஊசியிலை மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அது கிரிப்தோமெரியா. ஜப்பானியர் அதைச் 'சுகி' என்பார்கள். வீட்டுச் சுவர்ப் பலகையை நெருப்பில் கருக்கி, அந்தக் கரியையே மேல்பூச்சாக விட்டுவைக்கும் யாகிசுகி என்ற வேலை ஜப்பானில் வளர்ந்தது இந்த மரத்தை வைத்துத்தான். இணையத்தில் 'ஷோ சுகி பான்' என்று தேடினாலும் இதே வேலைதான் வரும். நவோஷிமா தீவின் பழைய வீடுகளில் இந்தக் கறுப்புப் பலகைச் சுவர்களை இன்றும் பார்க்கலாம். 2007-இல் கட்டடக் கலைஞர் தெருனோபு ஃபுஜிமோரி நகானோவில் ஒரு வீட்டையே இப்படி எரித்த பலகையால் போர்த்தினார். அதன்பின் உலகெங்கும் இதற்கு மவுசு ஏறியது.

ரீயூனியனில் இருக்கும் நமக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. எரிந்த பலகை வேண்டுமென்று கப்பலில் வரவழைக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அதே மரம் நம் மலையில் விளைந்து, நம் ஊர் அறுப்பு ஆலையில் பலகையாகிறது. அதை வாங்கி வந்து வீட்டிலேயே எரிக்கலாம். கையில் பொறுமை இருந்தால், கடையில் வாங்குவதைவிட நன்றாகவே வரும். நெருப்புக்கு ஆகும் நேரம் சில நிமிடம். அதற்கு முன்னால் இழைப்பதும் பின்னால் தேய்ப்பதும்தான் வேலை, இன்பமும் அதில்தான். வீட்டில் ஒரு சின்னப் பட்டறை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

எரித்தால் மரத்துக்கு என்ன ஆகிறது

மரத்தில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று மூன்று முக்கியப் பொருள்கள் இருக்கின்றன. சூடு ஏற ஏற முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சணத்துக்குச் சுலபமாகக் கிடைக்கும் தீனி அது. மேற்பரப்பில் அது எரிந்து போனபின் மிஞ்சுவது கரி. கரியைப் பூஞ்சணம் தின்னாது. வெயிலும் அதை எளிதில் ஒன்றும் செய்வதில்லை. சாதாரணப் பலகை வெயிலில் சாம்பல் நிறமாகி நார் நாராக எழும்புவதற்குக் காரணம், புற ஊதாக் கதிர் லிக்னினை உடைப்பது. கரிப்படலம் அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நிமிடம் தீக்காட்டி லேசாகப் பழுப்பேற்றிய பலகைக்கு இந்தக் காப்பெல்லாம் கிடைக்காது. அது அழகு மட்டுமே. மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரி இறங்கினால்தான் மழைக்கும் வெயிலுக்கும் உண்மையான கவசம். அப்போதுகூட மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கு இதை நம்ப வேண்டாம். கரையானுக்கும் இதை முழு மருந்தாக எண்ணாதீர்கள். கரி பூசிய முகத்தைக் கரையான் விட்டுவிட்டு, எரிக்காத பின்பக்கத்தில் ஏறிவிடும்.

நம் தீவின் கிழக்குக் கரையில் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். 1966 ஜனவரியில் எரிமலைப் பக்கத்து ஃபோக்-ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, அது உலக சாதனை. சேன் ஆந்த்ரேயிலும் சேன் பெனுவாவிலும் வீடு கட்டியவர்களுக்கு ஈரத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்த மரம், எந்தப் பலகை

கிரிப்தோமெரியா மெத்தென்ற மரம், கனமும் குறைவு. அதன் வளையத்தில் இரண்டு பகுதி உண்டு: வேகமாக வளரும் பருவத்தில் உண்டாகும் வெளிர்ந்த, பஞ்சு போன்ற பகுதி ஒன்று, பிறகு வரும் கறுத்த, கெட்டியான கோடு மற்றொன்று. நெருப்பு மெத்தென்ற பகுதியை முதலில் தின்னும், கெட்டிக் கோடு நிற்கும். எரித்த பலகையின் அழகு முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் பிறக்கிறது. நம் ஊர் மரம் சீக்கிரம் பருப்பதால் வளையங்கள் அகலமாக இருக்கும். தேய்த்தபின் மேடுபள்ளம் கையில் தட்டுப்படும்படி வருவதற்கு அது நல்லது. கணுக்கள் அதிகம் இருப்பது ஒரு குறை. செத்த கணு, அதாவது சுற்றிலும் கறுப்பு வளையம் கட்டிய கணு, எரிக்கும்போது சுருங்கி விழுந்து ஓட்டையாகிவிடும். அதைத் தள்ளிவிட்டுப் பலகை பொறுக்குங்கள்.

பலகையின் குறுக்கு முனையைப் பாருங்கள். நடுவில் செம்பழுப்பாக இருப்பது சேகு, ஓரத்தில் வெளுத்திருப்பது வெள்ளை. வெளிச்சுவருக்குச் சேகு அதிகமுள்ள பலகையாக எடுங்கள். முனையில் தெரியும் வளைய வில்லை வைத்து எந்த முகம் பட்டைப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள். எரிக்க வேண்டியது அந்தப் பட்டைப் பக்கத்தைத்தான். உட்பக்க முகத்தை எரித்துத் தேய்த்தால் வளையங்கள் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும்.

கனம் 20 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், 27 இருந்தால் நிம்மதி. எரிப்பிலும் தேய்ப்பிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்விடும். அகலம் 12 முதல் 15 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் கோணும். ஈரம் 15 சதவீத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ஆலையிலிருந்து வந்த பலகையை இடையில் குச்சி வைத்து அடுக்கி, மழை படாத காற்றோட்டமான இடத்தில், ஈரமானி அந்த அளவைக் காட்டும்வரை விடுங்கள். பச்சைப் பலகையை எரித்தால் நீராவி சீறும், பலகை பிளக்கும்.

மற்ற மரங்களைப் பற்றிச் சுருக்கமாக: பைன், டக்ளஸ் ஃபிர் இரண்டும் நன்றாக எரியும். நம் மலைக்காட்டு மரமான மலைத் தமரினை இப்படிக் கருக்குவது பாவம். அதன் ரேகையே பார்க்கத் தக்கது, அதற்கு எண்ணெய் மட்டும் போதும். ஊரிலிருந்து வந்த பழக்கத்தில் தேக்குதான் மரம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் பலர். தேக்கில் எண்ணெய்ப் பசை ஏற்கனவே இருக்கிறது, கருக்கி ஆவது ஒன்றுமில்லை. மூங்கிலை எரிக்கவே எரிக்காதீர்கள். கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம். மருந்து ஏற்றிய, பச்சை சாயல் தெரியும் மரத்தை எந்தக் காரணத்துக்காகவும் எரிக்கக் கூடாது. பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கும். புகையிலும் சாம்பலிலும் அது கலந்து வரும். ஒட்டுப் பலகை, துகள் பலகை, பழைய பெயின்ட் அடித்த பலகை, எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழைய பலகை எல்லாவற்றுக்கும் இதே விதி.

பட்டறை

காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜின் ஒரு பக்கச் சுவரோரம், அல்லது வீட்டின் பின்புற வராங்கில், அதாவது தாழ்வாரத்தில், தகரம் இறக்கிய மூலை. நாலு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் கிடைத்தால் தாராளம். கருவிகளுக்குப் போகும் முன் ஒரு நல்ல வேலை மேசை செய்துகொள்ளுங்கள். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்துக்கு மேசையின் மேல்தட்டு இருக்கட்டும். இழைப்புளி தள்ளும்போது உடம்பின் எடை தோளிலிருந்து மரத்துக்கு இறங்க அந்த உயரம் வேண்டும். மேசை ஆடக் கூடாது. சுவரில் திருகி இறுக்கிவிடுவது நல்லது.

கருவிகளில் முதலில் வாங்க வேண்டியவை: ஒரு நடுத்தர இழைப்புளி, 6, 12, 25 மில்லிமீட்டரில் மூன்று உளி, ஒரு கொட்டாப்புளி, இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம், மூலைமட்டம், நாலு இறுக்கிகள், சாணைக்கல். மின்கருவி வேண்டுமென்றால் துளையிடும் இயந்திரம் ஒன்று போதும், மற்றவை பிறகு வரட்டும். பணத்தைச் சாணைக்கல்லில் போடுங்கள் என்பேன். மலிவான உளியும் நன்றாகத் தீட்டினால் வெட்டும். விலை உயர்ந்த உளியும் மழுங்கிவிட்டால் மரத்தைக் கிழிக்கத்தான் செய்யும். கிரிப்தோமெரியா போன்ற மெத்தென்ற மரத்துக்குக் கூர் இன்னும் அதிகம் வேண்டும். மழுங்கிய முனை நாரை வெட்டாமல் நசுக்கிவிடும். அந்த நசுங்கல் எரித்தபின் பளிச்சென்று தெரியும்.

கிழக்குக் கரையில் கருவிக்கு எதிரி துரு. கடற்காற்றில் உப்பும் உண்டு, ஈரமும் உண்டு. வேலை முடிந்ததும் இரும்பின்மேல் தையல் இயந்திர எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு தடவு தடவிவிட்டு, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். இழைப்புளியின் அடிப்பாகத்தில் மெழுகுவர்த்தியை நாலு கோடு இழுத்தால் துருவும் அண்டாது, மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டும் போகும்.

கை இழைப்புக்கு இன்னொரு பெருமை உண்டு: சத்தமில்லை. மாலையில் வேலை விட்டு வந்து, குழந்தைகள் பாடம் படிக்கும் நேரத்தில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் ஒரு பலகையை இழைத்து முடிக்கலாம். கூர் சரியாக இருந்தால் சீவல் நீளமாக, தாள் போலச் சுருண்டு வரும். கிரிப்தோமெரியாவின் வாசனை மிளகும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி அறை முழுக்க நிற்கும். தகரக் கூரைமேல் மழை அடிக்கும்போது வேறெங்கும் போக முடியாது, போகவும் தோன்றாது. ஒரு பலகை, ஒரு விளக்கு, ஒரு வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்கும் விசைப்பலகை தட்டிய விரலுக்கும் இதைவிட நல்ல ஓய்வு எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அப்பாக்களை, மாமாக்களை இதில் இழுத்துவிடுங்கள். ஊரில் தச்சு வேலை பார்த்துப் பழகிய கை நம் குடும்பங்களில் எங்காவது ஒன்று இருக்கும்.

பலகைக்கு இப்போது செய்ய வேண்டியது: எரிக்கப் போகும் முகத்தை ஒருமுறை இழைத்து அறுப்புத் தடங்களை எடுங்கள். உப்புத்தாள் போட வேண்டாம், அது நாரின் வாயை அடைத்துவிடும். நீளத்துக்கு வெட்டுவதையும், துளை போடுவதையும், ஓரம் முறிப்பதையும் எரிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். எரித்தபின் வெட்டினால் வெள்ளை முனை பல்லிளிக்கும். கூர்மையான ஓரங்களை இரண்டு மில்லிமீட்டர் சாய்த்து இழையுங்கள். கூரான ஓரம் சீக்கிரம் எரிந்து, ஒழுங்கில்லாமல் தின்னப்பட்டுவிடும்.

தீ வைக்கும் முன்

பட்டறைக்குள் எரிக்கக் கூடாது. அங்கே சீவலும் மரத்தூளும் இருக்கும். வெளியே, சிமென்ட் தரையில் அல்லது சரளைக்கல் மேல், வீட்டுச் சுவரிலிருந்தும் கரும்புத் தோட்டத்திலிருந்தும் எட்ட இடம் பாருங்கள். மைதோ மலைச்சரிவில் 2010, 2011 ஆண்டுகளில் பரவிய காட்டுத்தீயை இந்தத் தீவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேற்குப் பக்கம் இருப்பவர்கள் வறண்ட மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். திறந்த வெளியில் தீ மூட்டுவதற்கு உங்கள் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கேட்டு, என்ன விதி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தென்கிழக்குக் காற்று வெயில் ஏறியதும் வலுக்கும். அதனால் விடிந்ததும் தொடங்கி, காற்று எழும்புவதற்குள் முடிப்பது நல்லது. கோவில் தீமிதிக்கு விறகு அடுக்கிப் பழகிய பெரியவர்கள் முதலில் பார்ப்பதும் காற்றைத்தான். அவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்றால் பெரிய தைரியம்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். நைலான், பாலியஸ்டர் உருகி உடம்பில் ஒட்டும். வேட்டி, லுங்கி, துப்பட்டா கூடாது. தோல் கையுறை, மூடிய காலணி, கண்ணாடி, எரிக்கும்போதும் தேய்க்கும்போதும் எஃப்எஃப்பி2 முகக்கவசம். தண்ணீர் வரும் குழாய் கைக்கெட்டும் தூரத்தில், குழாயைத் திறந்தே வைத்து, முனையில் மட்டும் அடைத்திருக்க வேண்டும். இரண்டு வாளித் தண்ணீர் தனியாக. குழந்தைகள் வீட்டுக்குள்.

கூரை வேலை செய்கிறவர்கள் தார்த் தாள் ஒட்டப் பயன்படுத்தும் நீளக் கழுத்துச் சூட்டுக்குழல் இதற்கு ஏற்றது. களை எரிக்கும் சூட்டுக்குழலும் சின்ன வேலைக்கு ஆகும். சமையல் வாயு உருளையில் இருக்கும் அழுத்தச் சீராக்கியை இதில் மாட்ட முடியாது. அது மிகக் குறைந்த அழுத்தத்துக்கானது. குழலோடு விற்கும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சீராக்கியை வாங்குங்கள். பூட்டேனைவிட ப்ரொப்பேன் நல்லது. பூட்டேன் உருளையைத் தொடர்ந்து பெரிய சுடரில் ஓட்டினால் அது குளிர்ந்து, வெளியே பனி பூத்து, சுடர் சோர்ந்துவிடும். சிலர் அப்போது உருளையைப் படுக்க வைப்பார்கள், திரவ வாயு குழலுக்குள் பாயும். அதைச் செய்யவே கூடாது. நிறுத்தி, உருளை சூடேறும் வரை காத்திருங்கள். பற்றவைக்கும் முன் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு.

எரித்தல்

முதலில் துண்டுப் பலகைகளில் பழகுங்கள். ஒரே பலகையை மூன்றாகப் பிரித்து மூன்று அளவில் எரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதிப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்தால், பிறகு எந்த வேலைக்கு எந்த அளவு என்று பார்த்துத் தீர்மானிக்கலாம்.

பலகையைச் செங்கல்லின்மேல் சற்று உயர்த்திக் கிடத்துங்கள். முனைகளிலும் ஓரங்களிலும் முதலில் தீக்காட்டுங்கள், முகத்தைக் கடைசியில். சுடரின் உள்ளே நீலமாகத் தெரியும் கூம்பின் நுனிதான் மிகச் சூடான இடம். அந்த நுனி மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரத்தில், ரேகை ஓடும் திசையிலேயே, நிதானமாக நகருங்கள். போன இடத்தின் மேல் கால்வாசி படியும்படி அடுத்த வரிசை. நின்றால் குழி விழும். ஓடினால் திட்டுத் திட்டாக வரும்.

நிறம் மாறுவதைக் கவனியுங்கள். வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ரேகைகள் மட்டும் கறுத்து நிற்கும் ஒரு கட்டம். நாற்காலி, அலமாரி போன்ற உள்வேலைக்கு இங்கேயே நிறுத்தலாம். இன்னும் போனால் முகம் முழுவதும் கறுத்து மங்கலாகும். தேய்த்து ரேகை எழுப்ப நினைக்கும் பலகைக்கு இந்தக் கட்டம் சரி. அதற்கும் மேலே போனால் கறுப்பில் வெள்ளி மினுக்கம் வரும், வறண்ட ஏரிக் களிமண் வெடித்தது மாதிரி சின்னச் சின்னப் பாளங்களாகக் கரி பிளக்கும். வெளிச்சுவரில் தேய்க்காமல் விடும் பலகைக்கு அந்தக் கட்டம் வேண்டும்.

ஒரு முகம் மட்டும் எரிந்தால் அந்தப் பக்கத்து ஈரம் போய்ச் சுருங்கி, பலகை எரிந்த பக்கமாகக் குழியும். அதனால் பின்முகத்துக்கும் லேசாகச் சூடு காட்டிவிடுங்கள், பழுப்பேறும் அளவு போதும்.

ஜப்பானியரின் பழைய முறையில் குழலே கிடையாது. மூன்று பலகையை எரியும் முகம் உள்ளே பார்க்க முக்கோணமாக நிறுத்தி, மூன்று இடத்தில் கம்பியால் கட்டி, அடியில் செங்கல் கொடுத்து, கசக்கிய செய்தித்தாளைக் கொளுத்திச் செருகுவார்கள். முக்கோணமே புகைபோக்கியாகிக் காற்றை இழுக்கும், சில நிமிடத்தில் சுடர் மேல்முனையைத் தாண்டி எழும்பும். அப்போது கம்பியை அறுத்துப் பலகைகளைப் பிரித்துக் கிடத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். கரி ஆழமாகவும் ஒரே சீராகவும் இறங்கும், வாயுச் செலவும் இல்லை. ஆனால் இரண்டு பேர் வேண்டும், சுற்றிலும் வெட்டவெளி வேண்டும். வீடுகள் நெருங்கிய தெருவில் இதைச் செய்யாதீர்கள்.

எரித்து முடித்ததும் தண்ணீரைப் பொடித் தூறலாக அடியுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் கரிப்படலம் பெயரும். சுடர் அணைந்த பிறகும் முனைகளிலும் கணுவின் பிளவிலும் கங்கு ஒளிந்திருக்கும். பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், தள்ளித் தள்ளி நிறுத்தி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். அன்று இரவு அவை வெளியேதான் இருக்க வேண்டும், கராஜுக்குள் வேண்டாம்.

தேய்த்தல்

அவசரப்படுகிறவர்கள் வேலையைக் கெடுத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். பலகை முழுவதும் காய்ந்தபிறகு தொடங்குங்கள். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். கிரிப்தோமெரியாவின் மெத்தென்ற பகுதியை அது சுரண்டி எடுத்துவிடும், உடைந்த கம்பித் துணுக்கு மரத்தில் தங்கித் துருப்பிடிக்கும். பித்தளைக் கம்பித் தூரிகை, அல்லது கெட்டி நைலான். அதைவிடவும் எனக்குப் பிடித்தது தேங்காய் நார்த் தூரிகைதான். தரை தேய்க்க வைத்திருப்போமே, அதேதான்.

ரேகையோடு மட்டும் தேய்க்க வேண்டும், குறுக்கே ஒருபோதும் கூடாது. முதல் இழுப்பில் தளர்ந்த கரி பொலபொலவென்று உதிரும், கை முழுக்க மையாகும். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு தூரிகையின் சத்தம் மாறும். கரகரவென்று கேட்டது சுருசுருவென்று மெலியும். நின்று, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். மெத்தென்ற பகுதி தேய்ந்து பள்ளமாகி அங்கே தேன் நிறம் எட்டிப் பார்க்கும், கெட்டிக் கோடுகள் கறுப்பாக மேடிட்டு நிற்கும். கணுவைச் சுற்றி அந்தக் கோடுகள் வளைந்து ஒதுங்கிப் போகும் வழி, இழைத்த பலகையில் நம் கண்ணில் படாமல் இருந்தது, இப்போது விரல் வைத்தால் தெரியும். இன்னும் தேய்த்தால் தேன் நிறம் கூடும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் ரசனை. நான் சீக்கிரம் நிறுத்துகிற கட்சி. ரேகை தெரியத் தொடங்கியதும் தூரிகையைக் கீழே வைத்துவிடுவேன்.

பாளம் வெடிக்கும்வரை எரித்த பலகைக்குத் தேய்ப்பே இல்லை. மென்மையான துடைப்பத்தால் ஒருமுறை கூட்டி, தூசியை மட்டும் எடுங்கள்.

கரித்தூளைக் கால்வாயில் கழுவிவிடாமல் கூட்டி அள்ளி, நீரில் நனைத்துவிட்டுப் பூந்தொட்டி மண்ணில் கலக்கலாம். மருந்து ஏறாத மரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

எண்ணெய்

எண்ணெய் கரியைப் பிடித்து நிறுத்துகிறது, நிறத்தை ஆழமாக்குகிறது. பச்சை ஆளிவிதை எண்ணெயை வெளிவேலைக்கு வாங்காதீர்கள். அது காயப் பல நாள் ஆகும். நம் பக்கத்து ஈரத்தில் அதற்குள் பூஞ்சணம் அதன்மேல் ஏறிவிடும். உலர்வூக்கி சேர்த்த 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கையை, அதாவது முதல் பூச்சை, டர்பன்டைன் பாதிக்குப் பாதி கலந்து மெல்லியதாகப் பூசினால் கரிக்குள் இறங்கும். கால்மணி நேரம் கழித்து மேலே தங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். மறுநாள் இரண்டாவது கை, அதற்கு மறுநாள் தேவையானால் மூன்றாவது. பின்முகத்தையும் குறுக்கு முனைகளையும் விட்டுவிடாதீர்கள், தண்ணீர் அதிகம் குடிப்பது குறுக்கு முனைதான்.

எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே தீப்பற்றும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். பலகை எரிக்கும்போது அத்தனை கவனமாக இருந்துவிட்டு, இரவில் துணியால் பட்டறையை இழக்கக் கூடாது. துணியை வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள்.

வராங்கில் போடும் பெஞ்சு, திண்ணைப் பலகை போன்றவற்றுக்குத் தேய்த்த பலகைதான் ஏற்றது. மூன்று கை எண்ணெய் காய்ந்தபின் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் இன்னும் ஒருமுறை தேய்த்து இன்னொரு கை கொடுக்க வேண்டும். வெள்ளை வேட்டியோடு கோவிலிலிருந்து வருகிறவர் நம்பி உட்கார வேண்டுமே.

சுவரில் ஏற்றுதல்

பலகையை நேராகச் சுவரில் அறையக் கூடாது. முதலில் மருந்தேற்றிய நிறுத்துச் சட்டங்களை 40 முதல் 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சுவரில் பொருத்தி, அதன்மேல் பலகையைப் படுக்கை வாட்டில் ஏற்றுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது 20 மில்லிமீட்டர் காற்று ஓட வேண்டும், மேலேயும் கீழேயும் அந்த இடைவெளி திறந்திருக்க வேண்டும். கீழ்வாயில் பூச்சி வலை அடியுங்கள். கடைசிப் பலகை தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கட்டும். மழைத்துளி தெறித்து அடிக்கும் உயரம் அது. கரையான் மண்பாதை கட்டி ஏறினால் கண்ணில் படுவதும் அந்த வெற்றிடத்தில்தான்.

நாக்கும் காடியும் வைத்து இணைக்கும் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன், நாக்கு நெருப்பில் மெலிந்துவிடும். மேல் பலகை கீழ்ப்பலகையின்மேல் இரண்டரை மூன்று சென்டிமீட்டர் படியும் எளிய அடுக்கு முறையே நம் மழைக்குப் போதும். திருகாணி ஏ4 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், கடலோரத்தில் மற்றவை கறை இறக்கும். ஆணி வேண்டாம். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் கராங்ஸ் என்று அடுத்தடுத்துப் புயல் கண்டவர்கள் நாம், காற்று பிடுங்கிப் பார்க்கும் இடத்தில் திருகாணிதான் நிற்கும். இறுக்கும்போது கரி நொறுங்காமல் இருக்கத் திருகாணித் தலை மரத்தோடு சமமானதும் நிறுத்துங்கள். விரல் பட்டுக் கரி உதிர்ந்த இடத்தைச் சின்னக் கைச்சூட்டுக்குழலால் மீண்டும் கருக்கலாமென்று தோன்றும். சுவரில் ஏறிய பலகைக்கு நெருப்பு காட்டாதீர்கள், பின்னால் இருக்கும் காற்றோட்ட இடைவெளி சுடரை மேலே இழுத்துக்கொள்ளும். கரித்தூளைக் காய்ச்சிய எண்ணெயில் குழைத்து விரலால் தடவினால் போதும்.

ஆண்டுக்கொருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், அக்டோபர் வாக்கில் சுவரைச் சுற்றி வாருங்கள். தண்ணீரைச் சுவரில் தெளித்தால் முத்தாக நிற்கிறதா, உறிஞ்சப்படுகிறதா என்று பாருங்கள். உறிஞ்சினால் ஒரு கை எண்ணெய். உயர் அழுத்த நீர்ப்பீச்சியைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. வடக்குப் பார்த்த சுவரில் வெயில் அதிகம் விழும், அங்கே எண்ணெய் முதலில் தீரும். தென்கிழக்குச் சுவரில் பாசி பிடிக்கும், அதை நார்த் தூரிகையும் வெறும் தண்ணீரும் கொண்டு ரேகையோடு மெல்லத் தேய்த்து எடுங்கள். புயல் கடந்துபோன மறுநாள் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்தது ஏதாவது இருந்தால் அதே துளையில் ஒரு சுற்றுப் பருமனான திருகாணி போட்டு இறுக்கிவிடலாம்.